வெளிநாட்டுப் போரில் இறந்த நம் வீட்டுப் படைவீரரைத் தேடி அஞ்சலி செலுத்துவது எப்படி?

தமிழ்நாட்டில் பல வீடுகளில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத ஒருவர் இருக்கிறார். தாத்தாவின் தம்பி, பாட்டியின் அண்ணன், கொள்ளுத்தாத்தா என்று உறவு மாறும். பர்மா, மலேயா, மெசபடோமியா (இன்றைய ஈராக்) என்று இடம் மாறும். பலர் இருபது வயதை ஒட்டிய பையன்கள். எங்கள் வீட்டில் என் தாத்தாவின் தம்பி. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து பர்மாவில் இறந்தவர். அவர் பெயர் எங்கே பொறித்திருக்கிறது என்று தேடத் தொடங்கியபோது வழி சொல்ல ஆள் இல்லை. தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து இறந்தவர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எடுப்பதற்கு முன் நான்கு விவரங்கள் கையில் இருக்க வேண்டும்: படை எண், படைப்பிரிவு, இறந்த தேதி, பெயர் பொறித்த சுவரின் அல்லது கல்லறையின் எண். இந்த நான்கையும் சேர்க்கப் பெரிதாகக் காசு செலவாகாது. "நாங்கள் கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்டு ஒரு முகவர் எங்களிடம் வந்தார். அவர் தருவதாகச் சொன்ன சான்றிதழை எவரும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

1. முதலில் வீட்டைத் துழாவுங்கள்

பரண், இரும்புப் பெட்டி, சாமி படத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். பதக்கம் இருந்தால் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். இரண்டாம் போர்ப் பதக்கத்திலும் இருக்கலாம். பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். பழைய மணியார்டர் ரசீது, ஓய்வூதியப் புத்தகம், தந்தி, கடித உறை ஆகியவற்றிலும் எண் இருக்கும்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போது "எங்கே இறந்தார்" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அப்பா பெயர் என்ன, கல்யாணம் ஆகியிருந்ததா, மனைவி பெயர் என்ன, அப்போது குடும்பம் எந்த ஊரில் இருந்தது, பணம் யார் பெயருக்கு வந்தது என்றெல்லாம் கேளுங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் வந்து நிற்கும்போது அப்பா பெயரும் ஊரும்தான் பிரித்துக் காட்டும்.

சில ஊர்களில் "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்" என்று பளிங்குப் பலகை இருக்கும். அதில் எண்ணிக்கை மட்டும்தான் உண்டு. இருந்தாலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆணையத்தின் பட்டியலில் தேடுவது

இரண்டு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவுகளைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் பராமரிக்கிறது. சிடபிள்யூஜிசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அவர்களுடைய இணையதளத்தில் போரில் இறந்தோரைத் தேடும் பக்கம் இருக்கிறது. கட்டணம் இல்லை.

காலவரையறை முக்கியம். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இதற்குள், பணியில் இருக்கும்போது, எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் கணக்கில் வரும். குண்டடிதான் பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. மலேரியா, காலரா, லாரி விபத்து எல்லாம் சேரும். "போர் முடிந்த பிறகு காய்ச்சலில்தான் இறந்தார், அவரை எங்கே சேர்த்திருப்பார்கள்" என்று விட்டுவிடாதீர்கள். சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், துப்புரவுப் பணியாளர் என்று படையோடு சேர்ந்து போனவர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

இங்கேதான் பலரும் பாதியில் கைவிடுகிறார்கள். காரணம், நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய விதம். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ராமசாமி என்ற ஒரு பெயரையே முடிவில் ஐ போட்டும், ஒய் போட்டும், நடுவில் டபிள்யூ சேர்த்தும், சேர்க்காமலும் தேட வேண்டும். முனுசாமி முனிசாமி ஆகியிருக்கலாம், கோவிந்தன் கோவிந்தராஜு ஆகியிருக்கலாம். நான் கண்டவரை பயன் தருபவை இவை:

ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போடுங்கள். நம் ஆட்களின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இனிஷியலை விட்டுவிடுங்கள். சாதிப் பெயர் சேர்த்தும் சேர்க்காமலும் தேடுங்கள்.

பணியாற்றிய படை என்ற இடத்தில் இந்தியப் படையைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் போர் என்பதையும் குறித்தால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

படை எண் இருந்தால் அதை மட்டும் போட்டுத் தேடுங்கள். பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் ஆள் கிடைப்பார்.

பெயரை விட்டுவிட்டு, கூடுதல் தகவல் கட்டத்தில் ஊர் பெயரைப் போட்டுப் பாருங்கள். "இன்னாரின் மகன், இந்த ஊர், மெட்ராஸ், இந்தியா" என்ற குறிப்பு பல பதிவுகளில் உண்டு. மாவட்டப் பெயரை அந்தக் காலத்து எழுத்தில் தேட வேண்டும்: திருச்சிக்கு ட்ரிச்சினோபோலி, தஞ்சைக்குத் டாஞ்சூர், திருநெல்வேலிக்கு டின்னவேலி, ராமநாதபுரத்துக்கு ராம்நாட், வேலூர்ப் பக்கம் என்றால் நார்த் ஆற்காட். இன்றைய மாவட்ட எல்லையை மறந்துவிடுங்கள்.

படைப்பிரிவின் பெயரும் நாம் வீட்டில் கேட்ட பெயராக இருக்காது. நாம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்போம், பதிவில் குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்றிருக்கும். "மெட்ராஸ் பட்டாளம்" என்று வீட்டில் சொன்னதை வைத்து மெட்ராஸ் ரெஜிமென்ட் மட்டும் தேடாதீர்கள். பயனியர் கோர் (கட்டுமான, சுமைப் பணி), சர்வீஸ் கோர் (உணவு, போக்குவரத்து), மருத்துவப் பிரிவு ஆகியவற்றிலும் தமிழர்கள் ஏராளம்.

தேடல் முடிவுகளை விரிதாளாக இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. பெயர் எழுத்தில் குழப்பம் என்றால் படைப்பிரிவையும் ஆண்டையும் மட்டும் கொடுத்து மொத்தமாக இறக்கி, வரிவரியாக வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாத பெயர் காதுக்குத் தெரியும். வீட்டில் வயதானவர் யாராவது பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

3. பதிவைப் படிப்பது: கல்லறையா, சுவரா?

பதிவு கிடைத்ததும் உடனே "கல்லறை கிடைத்துவிட்டது" என்று சொந்தக்காரர்களுக்குச் செய்தி அனுப்பிவிடாதீர்கள். எந்த இடத்தில் நினைவுகூரப்படுகிறார் என்ற வரியை நிதானமாகப் படியுங்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் என்றால் தனிக் கல்லறை இருக்க வாய்ப்பு அதிகம். இந்து வீரர்களில் பலருக்குக் கல்லறை இல்லை. தகனம் செய்யப்பட்டவர்களின் பெயர்கள் தகன நினைவுச்சின்னத்தில் இருக்கும். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் பெரிய நினைவுச் சுவர்களில் இருக்கும். மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கலாம் என்பதால்தான் குழப்பம் வருகிறது.

மியான்மரின் யாங்கூனுக்கு (பழைய ரங்கூன்) வடக்கே பியே சாலையில் சுமார் 35 கிலோமீட்டரில் தவுக்யான் போர்க் கல்லறை இருக்கிறது. அங்கே 6,374 பேரின் கல்லறைகள், நடுவில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் கொண்ட ரங்கூன் நினைவுச்சின்னம், தவிர ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கான தகன நினைவுச்சின்னம். சிங்கப்பூரின் கிராஞ்சியில் 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள், 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ள சுவர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினருக்கான தகன நினைவுச்சின்னம். மலேயாவில் காணாமல் போனவர்களையும் கிராஞ்சியில்தான் தேட வேண்டும். ரங்கூன் நினைவுச்சின்னம் என்றால் பதிவில் "முகப்பு" (Face) எண்ணும், சிங்கப்பூர் என்றால் "தூண்" (Column) எண்ணும் இருக்கும். அந்த எண்ணை எழுதி வைக்காமல் போனால் ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே நாள் முழுக்க நிற்க வேண்டியதுதான்.

பெயரை வைத்து ஏமாற வேண்டாம். யாங்கூன் நகருக்குள் ரங்கூன் போர்க் கல்லறை என்று தனியாக ஒன்று உண்டு. ரங்கூன் நினைவுச்சின்னம் இருப்பது அங்கே அல்ல, தவுக்யானில். டாக்சிக்காரரிடம் "ரங்கூன் வார் மெமோரியல்" என்று சொன்னால் வேறு இடத்தில் இறக்கிவிட வாய்ப்புண்டு. அதேபோல "பர்மா சண்டையில் இறந்தார்" என்று வீட்டில் சொன்னாலும், பெயர் இம்பாலிலோ கோஹிமாவிலோ இருக்கலாம். அப்படியிருந்தால் பாஸ்போர்ட்டே தேவையில்லை.

முதல் போரில் மெசபடோமியாவில் இறந்தவர் என்றால் பாஸ்ரா நினைவுச்சின்னத்தைப் பற்றி ஒரு கசப்பான உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே இந்திய அதிகாரிகளின் பெயர்களைச் சுவரில் பொறித்தார்கள், சிப்பாய்களை எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். பெயர்கள் பதிவேட்டில்தான் உள்ளன. பயணம் போவதற்கு அது ஏற்ற இடமும் அல்ல. அந்தக் குடும்பங்களுக்கு இந்த வழிகாட்டியின் கடைசிப் படிதான் முக்கியம்.

பதிவுப் பக்கத்தில் சான்றிதழ் இறக்கும் வசதி இருக்கும். இரண்டு பிரதி அச்சிடுங்கள். அதே பக்கத்தில் பழைய கல்லறைப் பதிவு அறிக்கைகளின் படங்களும் இருந்தால் எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

4. பெயரே இல்லை என்றால்

முதலில் அவர் எந்த வகையில் போனவர் என்று உறுதி செய்யுங்கள். ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து)-பர்மா ரயில் பாதையில் வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டு இறந்த மலேயாத் தமிழர்கள் படைவீரர்கள் அல்லர் என்பதால் ஆணையத்தின் பட்டியலில் இருக்க மாட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். அவர்களைத் தேடப் புது டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் தொடங்க வேண்டும்.

படைவீரர்தான் என்று ஆதாரம் இருந்தும் பெயர் இல்லையா? அது நடக்கக்கூடியதுதான். 2021இல் ஆணையமே வெளியிட்ட அறிக்கையில், முதல் போரை ஒட்டிக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், ஆனால் அவர்கள் மட்டும் அல்ல. நீங்கள் ஆதாரம் அனுப்பி, பெயரைச் சேர்க்கும்படி கேட்கலாம். இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும்: அவர் படையில் இருந்தார், காலவரையறைக்குள் இறந்தார். படையிலிருந்து வெளியேறிய பிறகு இறந்திருந்தால், இறப்புக்குப் படைப்பணிதான் காரணம் என்பதையும் காட்ட வேண்டும். அசல் காகிதத்தை ஒருபோதும் தபாலில் அனுப்பாதீர்கள். தெளிவான ஸ்கேன் போதும். தமிழில் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்று நினைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

பெயர் இருக்கிறது, எழுத்துப் பிழை என்றாலும் ஆதாரத்தோடு எழுதலாம். இணையப் பதிவு முதலில் மாறும். கல்லில் மாறுவதற்கு நாளாகும்.

5. படைப்பிரிவின் ஆவண அலுவலகம்

எப்படி இறந்தார் என்று ஆணையத்தின் பதிவில் இருக்காது. அதற்குப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். சர்வீஸ் கோருக்கும் பயனியர் கோருக்கும் பயிற்சி மையங்கள் பெங்களூரில் இருப்பதால் அங்கிருந்து தொடங்கலாம். கடிதத்தில் எண், பதவி, பெயர், அப்பா பெயர், ஊர், இறந்த தேதி, உங்களுக்கு என்ன உறவு என்பதைத் தெளிவாக எழுதி, ஆணையத்தின் சான்றிதழை இணையுங்கள். எண் இல்லாத கடிதத்தைப் படிப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். "மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்" என்று மறுத்தால், 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றிய 8(3) பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். பெரிய கோப்பை எதிர்பார்க்காதீர்கள். பல சமயம் ஒரு பக்கப் பதிவுத்தாள்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் சேர்ந்த தேதி, உயரம், அடையாள மச்சம், வாரிசு பெயர் எல்லாம் இருக்கக்கூடும். வேறெங்கும் கிடைக்காத விவரம் அது.

உங்கள் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு தடவை போய் வாருங்கள். யாருக்கு எழுத வேண்டும், முகவரி எது என்று நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

6. போக முடியாதவர்களுக்குப் படம்

எல்லோராலும் பயணம் போக முடியாது. வயதான அத்தை ஒருவர் இருக்கிறார், இப்போதே பார்க்க ஆசைப்படுகிறார் என்றால், வார் கிரேவ்ஸ் போட்டோகிராஃபிக் ப்ராஜெக்ட் என்ற தன்னார்வ அமைப்பிடம் கேளுங்கள். கல்லறையின் அல்லது பெயர் உள்ள சுவர்ப் பகுதியின் படத்தைச் சிறு தொகைக்கு அனுப்புவார்கள். சிங்கப்பூரில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது நிச்சயம் இருப்பார். தூண் எண்ணைச் சொன்னால் ஒரு மாலை நேரத்தில் போய் எடுத்து அனுப்பிவிடுவார்.

7. பயணம்

சிங்கப்பூர் எளிது. புதுப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். விசா கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் முகவரின் சேவைக் கட்டணம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் கட்டணம் வசூலிக்கும் தளங்கள் தேடலில் முதலில் வரும், கவனம். கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மேட்டில் ஏற வேண்டியிருப்பதால் முதியவர்களுக்கு டாக்சி நல்லது. காலையில் போங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் பொறுக்காது. நவம்பர் இரண்டாம் ஞாயிறு அங்கே நினைவு நாள் நிகழ்ச்சி நடக்கும். அதில் கலந்துகொள்வது நல்ல அனுபவம். தனிமையில் நிற்க விரும்பினால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

மியான்மர் அப்படியல்ல. 2021இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு அங்குள்ள நிலைமை தெரிந்ததுதான். டிக்கெட் எடுக்கும் முன் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையையும், ஆணையத்தின் தளத்தில் தவுக்யான் பக்கத்தில் உள்ள அறிவிப்பையும் பாருங்கள். போகக் கூடாது என்றால் தள்ளிப் போடுங்கள். போக முடிகிற நேரத்தில் யாங்கூனிலேயே தங்கி, வண்டியைப் போக வரச் சேர்த்துப் பேசிக்கொள்வது வசதி. அரை நாள் ஒதுக்குங்கள். மே முதல் அக்டோபர் வரை கடும் மழை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

8. அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது

பூ வைக்கலாம், மாலை வைக்கலாம். வாடியதும் தோட்டக்காரர்கள் எடுத்துவிடுவார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கற்பூரம், விளக்கு, தேங்காய் உடைப்பது ஆகியவற்றைக் கல்லின் மேல் செய்ய வேண்டாம். கரி படிந்தால் போகாது, பக்கத்தில் இருப்பதும் யாரோ வீட்டுப் பிள்ளையின் பெயர். கட்டாயம் செய்ய வேண்டும் என்றால் அங்கிருக்கும் பொறுப்பாளரைக் கேளுங்கள். எங்கள் பெரியவர்கள் ஒரு சொம்புத் தண்ணீரும் எள்ளும் போதும் என்றார்கள். எழுத்து தெரியவில்லையென்று சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுக்காதீர்கள். தண்ணீர் தெளித்தால் எழுத்து தெளிவாகத் தெரியும்.

உடலையோ அஸ்தியையோ ஊருக்குக் கொண்டுவர முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. இறந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் எல்லா உறுப்பு நாட்டு வீரருக்கும், எல்லாப் பதவிக்கும் பொதுவான விதி. பிடி மண் எடுத்து வரும் ஆசையும் வேண்டாம். அனுமதி இல்லாமல் வெளிநாட்டு மண்ணைக் கொண்டுவருவதை இந்தியத் தாவர நோய்த்தடுப்பு விதிகள் தடுக்கின்றன. விமான நிலையத்தில் அதைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டும்போது மனம் தாங்காது. இங்கிருந்தும் மண் கொண்டுபோக வேண்டாம்.

9. ஊரில் பெயர் வைப்பது

இறந்த தேதி கிடைத்ததும், அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைக் கணித்துத் தரச் சொல்லுங்கள். இணையத்திலும் பழைய ஆண்டுகளுக்குப் பார்க்கலாம். ஒரு விஷயம்: காணாமல் போனவர்களுக்குப் பதிவில் உள்ள தேதி ராணுவம் அனுமானித்ததாக இருக்கலாம். சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரி 15 அப்படியொரு தேதி. ஐயம் இருந்தால் மகாளய அமாவாசையில் கொடுத்துவிடுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊர்க் கல்லறையிலேயே அவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம்.

பெயர்ப் பலகை வைக்க விரும்பினால் சொந்த இடம்தான் சுலபம்: வீட்டு முகப்பு, குடும்பக் கல்லறை, பட்டா நிலம். பள்ளியிலோ பொது இடத்திலோ வைப்பதென்றால் ஊராட்சித் தீர்மானமும் உரிய அனுமதியும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி வைத்த பலகை அடுத்த தேர்தலோடு காணாமல் போகும். சிலை வேண்டாம் என்பது என் கருத்து. அனுமதிச் சிக்கலும் பராமரிப்பும் அடுத்த தலைமுறை தலையில் விழும்.

கிரானைட் பலகைக்குக் கல் விலை தனி, எழுத்துக் கூலி தனி. எழுத்தை எண்ணித்தான் கூலி சொல்வார்கள் என்பதால் வாசகத்தைச் சுருக்கமாக முடிவு செய்யுங்கள்: பெயர், அப்பா பெயர், படை எண், பதவி, படைப்பிரிவு, பிறந்த ஆண்டு தெரிந்தால் அது, இறந்த தேதி, இடம், வயது, பெயர் பொறித்திருக்கும் வெளிநாட்டு நினைவுச்சின்னம். தமிழில் எழுதுங்கள், எண்ணையும் படைப்பிரிவையும் ஆங்கிலத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் தேடுபவர்களுக்கு உதவும். கல்தச்சரிடம் கைப்பட எழுதிக் கொடுக்காமல் அச்சிட்டுக் கொடுங்கள். அவர் கல்லில் பென்சிலால் வரைந்ததும், உளி வைப்பதற்கு முன், சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். படை எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அது வேறொருவருடைய எண்.